நன்னடத்தை அலுவலர்

நன்னடத்தை அலுவலர் என்பவர், குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்ட ஒருவரைச் சிறைக்கு அனுப்பலாமா, வெளியில் விட்டுப் பார்க்கலாமா என்று நீதிமன்றம் யோசிக்கும்போது அவருடைய வீடு, தொழில், சுற்றுப்புறம் பற்றி நேரில் விசாரித்து அறிக்கை தருபவர். அப்படி வெளியில் விடப்பட்டவரைக் குறித்த காலம்வரை கண்காணிப்பதும் அவர் வேலை. இந்தியாவில் இப்பதவிக்கு அடிப்படை 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். தமிழ்நாட்டு நீதிமன்ற வளாகங்களில் இவரை ‘பி.ஓ.’ (புரொபேஷன் ஆபீசர்) என்றும், இவர் தரும் தாளை ‘பி.ஓ. ரிப்போர்ட்’ என்றும் சொன்னால்தான் எல்லாருக்கும் புரியும்.

பெயரால் வரும் குழப்பம்

‘நன்னடத்தை’ என்ற சொல் தமிழ்நாட்டில் மூன்று இடங்களில் புழங்குகிறது. மூன்றும் வேறுவேறு. “நன்னடத்தைப் பிணையை மீறிய ரவுடி கைது” என்று நாளிதழில் வரும் செய்திக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தொடர்பில்லை. அது குற்றம் நடக்காமல் தடுக்க, காவல்துறை கேட்டுக் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர்கள் எழுதி வாங்கும் பிணை. “நன்னடத்தை காரணமாக முன்விடுதலை” என்பது ஏற்கெனவே சிறையில் இருப்பவரைப் பற்றியது. இந்தக் கட்டுரையில் பேசப்படும் நன்னடத்தைக் காலமோ, குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பிறகு தண்டனையைச் சொல்லாமல் நிறுத்திவைத்து நீதிமன்றம் தரும் அவகாசம். அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்குச் சொல்லும் ‘தகுதிகாண் பருவ’த்துக்கும் ஆங்கிலத்தில் ‘புரொபேஷன்’ என்ற இதே சொல்தான் என்பது குழப்பத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுகிறது.

வரலாறு

இந்தப் பணியைத் தொடங்கிவைத்தவர் சட்டம் படித்தவர் அல்லர். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பூட்ஸ் தைத்துப் பிழைத்த ஜான் அகஸ்டஸ், 1841இல் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒரு குடிகாரருக்குத் தானே பிணை நின்று, மூன்று வாரம் கழித்துத் திருந்திய கோலத்தில் அவரைத் திரும்பக் கொண்டுவந்து நிறுத்தினார். 1859இல் இறக்கும்வரை ஏறக்குறைய 2,000 பேருக்கு அவர் இப்படிப் பிணை நின்றிருக்கிறார். சம்பளம் கிடையாது. 1878இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சம்பளப் பதவி ஆக்கியது; 1907இல் பிரிட்டனும் தனிச் சட்டம் இயற்றியது.

இந்தியாவில் 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 562ஆம் பிரிவு, முதல்முறை தவறு செய்தவரை எழுதி வாங்கிக்கொண்டு விட இடம் கொடுத்தது. ஆனால் விட்ட பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் யாரும் இல்லை. நாடு முழுவதற்குமாக 1931இல் வரைந்த மசோதா நிறைவேறவில்லை. 1934இல் மாகாணங்களே சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்று ஆனபோது முந்திக்கொண்டவற்றில் சென்னை மாகாணமும் ஒன்று. 1936ஆம் ஆண்டின் சென்னைக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம், 1937இன் மூன்றாவது சட்டமாகப் பதிவாயிற்று. மத்தியச் சட்டம் வருவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஏற்பாடு இங்கே வந்துவிட்டது.

சட்டம் தரும் இடம்

1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, திருட்டு, ஏமாற்று போன்ற சில குற்றங்களிலும், இரண்டு ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களிலும், முன்தண்டனை இல்லாதவரை நீதிமன்றம் கண்டித்தே அனுப்பிவிடலாம். 4ஆம் பிரிவு இன்னும் அகலமானது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத எந்தக் குற்றத்திலும், மூன்றாண்டுக்கு மேற்படாத காலத்துக்குப் பிணைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். கூடவே நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பையும் விதித்தால், அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. 21 வயது நிரம்பாதவர் என்றால் 6ஆம் பிரிவு நீதிமன்றத்தையே கட்டுப்படுத்துகிறது: அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும், அதன் பிறகும் சிறைக்குத்தான் அனுப்புவது என்றால் காரணத்தை எழுதிவைக்க வேண்டும். இந்த வயதைக் குற்றம் நடந்த நாளில் கணக்கிடுவதில்லை, விசாரணை நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் நாளில்தான் கணக்கிட வேண்டும் என்று ராம்ஜி மிசர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வழக்குகள் இழுக்கும் வேகத்தைப் பார்த்தால், பத்தொன்பது வயதில் தப்புச் செய்தவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடைப்பது வாய்தாக்களின் கையில் இருக்கிறது.

விலக்குகளும் உண்டு. ஊழல் வழக்குகள் சிலவற்றில் இச்சட்டம் செல்லாது. போதைப்பொருள் சட்டத்தின் பெரும்பாலான குற்றங்களிலும், பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளிலும் பதினெட்டு வயதைக் கடந்தவர்களுக்குச் செல்லாது. கண்மூடித்தனமாக வண்டி ஓட்டி உயிர் போன வழக்குகளில் இந்தச் சலுகையைக் காட்டக் கூடாது என்று 2000இல் தல்பீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது.

பலரும் கவனிக்காத நிபந்தனை ஒன்று 4ஆம் பிரிவிலேயே இருக்கிறது. குற்றவாளிக்கோ, பிணைதாரருக்கோ நிலையான வசிப்பிடம் அல்லது முறையான தொழில் இருக்க வேண்டும். நடைபாதையில் படுப்பவருக்கும் ஊர் ஊராகப் போய்க் கட்டட வேலை செய்பவருக்கும் இது எளிதில் கைகூடாது. திருந்துவதற்கான வாய்ப்பு முகவரி உள்ளவருக்கே முதலில் போய்ச் சேருகிறது. இந்தச் சட்டத்தில் எனக்குப் படும் பெரிய ஓட்டை இதுதான்.

விசாரணை

அலுவலரின் வேலையில் கனமான பகுதி வீட்டு விசாரணை. நீதிமன்றத்திலிருந்து வரும் கடிதத்தில் பெயர், வழக்கு எண், குற்றப் பிரிவு, முகவரி இருக்கும். முகவரி பெரும்பாலும் ‘மாரியம்மன் கோயில் தெரு’ என்ற அளவோடு நின்றுவிடும். ரேஷன் கடையிலோ பெட்டிக்கடையிலோ கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். அங்கேயே முதல் சிக்கல் வருகிறது. “கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறேன்” என்று தெருமுனையில் சொல்லிவிட்டால், தீர்ப்பு வருமுன்பே அந்தக் குடும்பத்துக்குத் தெரு தண்டனை கொடுத்துவிடும். அதனால் விவரம் தெரிந்த அலுவலர் துறை வண்டியில் போவதில்லை. இரு சக்கர வண்டியில் போய், அப்பா பெயரைச் சொல்லி விசாரித்து, வீட்டுக்குள் உட்கார்ந்த பிறகுதான் வந்த காரியத்தை எடுப்பார்.

“என் பிள்ளை தங்கம் சார், கூட்டாளிங்கதான் கெடுத்துட்டானுங்க” என்று எல்லா அம்மாவும் சொல்வார். அதை எழுதிக்கொண்டால் அறிக்கைக்கு எந்தப் பயனும் இல்லை. “ராத்திரி எத்தனை மணிக்கு வருவான்? வர்ற வரைக்கும் நீங்க சாப்பிடாம இருப்பீங்களா, மூடி வெச்சிட்டுப் படுத்துடுவீங்களா?” என்று கேட்டால், பையன் வீட்டோடு எந்த அளவு ஒட்டியிருக்கிறான் என்பது தெரிந்துவிடும். ஒரே அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள், யார் சம்பாத்தியத்தில் அடுப்பு எரிகிறது, பள்ளியை எந்த வகுப்பில் நிறுத்தினான், வட்டிக்கு வாங்கிய கடன் உண்டா, அண்டை அயலார் என்ன சொல்கிறார்கள் என்பதெல்லாம் அடுத்தடுத்து வரும். கடைசியாகப் பட்டறை முதலாளியிடம் ஒரு கேள்வி: “திரும்ப வந்தால் வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா?” அவர் தயங்காமல் “வரச் சொல்லுங்க” என்றால், நான்கு பக்க அறிக்கையில் எடைமிக்க வரி அதுதான்.

இந்த அறிக்கை மறைவடக்கமானது. அதன் சாரத்தை மட்டும் குற்றவாளிக்குத் தெரிவித்து, மறுப்பு இருந்தால் சாட்சியம் தர நீதிமன்றம் வாய்ப்பளிக்கலாம். அறிக்கையைக் கேட்டு வாங்கித்தான் 4ஆம் பிரிவைப் பயன்படுத்த வேண்டும், ஆனால் அதில் சொன்னபடியே நடக்கக் கட்டாயமில்லை என்று 2005இல் டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நடைமுறையில் அறிக்கையே கேட்கப்படாமல் போகும் வழக்குகள் உண்டு. இளம் குற்றவாளிக்கு இந்தச் சட்டம் பொருந்துமா என்று வழக்கறிஞரும் எழுப்பாமல் நீதிமன்றமும் யோசிக்காமல் விட்டதைப் பற்றி, 1981இல் வேத் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வருத்தத்தோடு குறிப்பிட்டது. 1964இல் ரத்தன் லால் வழக்கில் பதினாறு வயதுப் பையன் ஒருவனுக்கு, அவன் தண்டனை பெற்ற பிறகே அவன் ஊரில் அமலுக்கு வந்த இச்சட்டத்தின் பயனை மேல்முறையீட்டில் கொடுக்கலாம் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

கண்காணிப்பு

சட்டத்தின் 14ஆம் பிரிவு அலுவலரை நண்பராக்குகிறது. நன்னடத்தையில் விடப்பட்டவருக்கு ஆலோசனை சொல்ல வேண்டும், வேண்டுமானால் வேலை தேடித் தர முயல வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கட்ட உதவ வேண்டும். 9ஆம் பிரிவு அதே மனிதரைக் காவலராக்குகிறது. நிபந்தனை மீறப்பட்டது என்று அவர் எழுதினால் நீதிமன்றம் பிடிவாரண்டு கூடப் பிறப்பிக்கலாம். தங்குமிடத்தை மாற்றாதே, குடிக்காதே என்பவை வழக்கமான நிபந்தனைகள். கண்காணிப்பில் இருப்பவன் குடித்திருக்கிறான் என்பது அலுவலர் மூக்குக்குத் தெரிகிறது. வேலைக்கும் ஒழுங்காகப் போகிறான். எழுதுவதா, விடுவதா? இதற்குச் சட்டப் புத்தகத்தில் விடை கிடையாது. முதல் மீறலுக்குச் சட்டம் வைத்த அபராத உச்சவரம்பு 50 ரூபாய். 1958இல் அது ஒரு கூலியாளைக் கலங்கவைக்கும் தொகை. இன்று ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணாது.

துறையும் பிற வேலைகளும்

தமிழ்நாட்டில் வயது வந்தோருக்கான நன்னடத்தை அலுவலர்கள் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையைச் சேர்ந்தவர்கள். சிறைவாசி விடுப்பில் ஊருக்குப் போக மனுச் செய்தாலும், ஆயுள் சிறைவாசியின் முன்விடுதலை பரிசீலனைக்கு வந்தாலும், ஊரில் அவருக்கு வரவேற்பா பகையா என்று பார்த்துவரப் போவதும் இவர்களே. வேலூரில் 1979 முதல் இயங்கும் சிறை, சீர்திருத்த நிர்வாகப் பயிற்சி நிறுவனம் தென்மாநில அலுவலர்களுக்குப் பயிற்சி தருகிறது.

சிறார் வழக்குகள் தனித் தடம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, சிறுவர் பிடிபட்ட தகவல் கிடைத்த இரண்டு வாரத்துக்குள் சமூக விசாரணை அறிக்கை இளைஞர் நீதிக் குழுமத்துக்கு வந்தாக வேண்டும். பையன் கூர்நோக்கு இல்லத்தில் இருந்தால் அந்த இரண்டு வாரம் அவனுக்கு வெகு நீளம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் ‘சட்டம் சார்ந்த நன்னடத்தை அலுவலர்’ என்ற பதவி உண்டு. தொகுப்பூதியத்தில், ஒப்பந்த அடிப்படையில் ஆள் எடுக்கிறார்கள்.

இலங்கையில் இவர் ‘நன்னடத்தை உத்தியோகத்தர்’. அங்கு 1944ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அடிப்படை. 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் உருவானது. பெயருக்கேற்ப அங்கு குழந்தைப் பராமரிப்பே பெரும்பங்கு. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ நன்னடத்தை உத்தியோகத்தர் வீடு தேடி வந்தால், அது பெற்றோரை இழந்த பிள்ளையைப் பற்றியதாகவும் இருக்கலாம்.

காலம் முடிந்த பின்

இந்தியச் சட்டத்தில் நன்னடத்தைக் காலம் முடியும் நாளுக்கென்று எந்தச் சடங்கும் இல்லை. பிணைப் பத்திரம் காலாவதியாகும். அலுவலர் கோப்பை மூடுவார். குற்றத் தீர்ப்பால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வேலையில் இருப்பவருக்கு அது முழுக் கவசம் அன்று. 1975இல் தென்னக ரயில்வே தொடர்பான செல்லப்பன் வழக்கில், நன்னடத்தையில் விடப்பட்டவரையும் துறை விசாரித்து நடவடிக்கை எடுக்கலாம், ஆனால் தீர்ப்பு வந்த ஒரே காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு வேலையை விட்டு அனுப்பக் கூடாது, நடத்தையின் தன்மையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது.