மலையும் பட்டாவும்



தென்காசியில் நின்று நிலத்தைப் பற்றிப் பேசுவதென்றால் குறவஞ்சி மேட்டிலிருந்து தொடங்குவதே முறை. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் குற்றாலக் குறவஞ்சி பாடியதற்காக மதுரை நாயக்கர் முத்து விசயரங்க சொக்கநாதர் அவருக்கு நன்செய் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்கே குறவஞ்சி மேடு என்று பெயர் விழுந்தது. நூலில் வருகிற குறத்தி, மலையைத் தங்கள் மலை என்றே சொல்கிறாள். பள்ளிக்கூடத்தில் அதை இயற்கை வருணனை என்று நமக்குக் கற்பித்தார்கள். நமக்கோ அது உரிமைப் பேச்சாகக் கேட்கிறது. மலை எங்களுடையது என்றவள் பாட்டோடு நின்றுவிட்டாள். நிலம் பாடியவருக்குப் போனது. கவிராயர் மேல் நமக்குக் குறையில்லை, அவர் பெருங்கவி. ஆனால் இந்த மலையோரத்தில் நிலம் எப்படிக் கைமாறியது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான சான்று கிடைக்காது.

அதற்கு அடுத்த நூற்றாண்டு பிறக்கும் காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டார்கள். ஜாதிக்காய், கிராம்பு, பட்டை. ஜாதிக்காயின் தாய்மண் இந்தோனேசியாவின் பண்டா தீவுகள். 1621-ல் டச்சுக் கம்பெனி அந்தத் தீவு மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்றும் அடிமைகளாக ஏற்றியும் விரட்டியும் தீர்த்துவிட்டு, நிலத்தைத் துண்டு போட்டுத் தன் ஆட்களுக்குக் கொடுத்து, அடிமைகளை வைத்துச் சாகுபடி செய்தது. அந்த மரம்தான் பின்னால் நம் ஊர் மலைக்கும் வந்தது. அங்கே நடந்த படுகொலை இங்கே நடக்கவில்லை. ஆனால் மலை என்பது சந்தைக்குப் பயிர் தரும் நிலம், அதற்கு ஒரு முதலாளியும் நிறையக் கூலிகளும் வேண்டும் என்ற எண்ணம் மரத்தோடு சேர்ந்தே இறங்கியது.

இதே மலைத்தொடரில் தெற்கே, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டி மணிமுத்தாற்றிலிருந்து மேலே ஏறினால் மாஞ்சோலை. அதற்கும் மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. தென்காசி தனி மாவட்டமானது 2019-ல்தான். அதுவரை அவர்களும் நாமும் ஒரே மாவட்டம். இன்றைய பேச்சின் மையம் அந்தச் சின்ன மலைக் குடியிருப்புகள்தான்.

அந்த மலை சிங்கம்பட்டி ஜமீனுடையது. திருவிதாங்கூர் மார்த்தாண்ட வர்மனுக்குச் செய்த படை உதவிக்காகக் கிடைத்தது என்பது ஜமீன் மரபு. ஆக, பாட்டுக்கும் நிலம், படைக்கும் நிலம். 1919-ல் சென்னையில் மைனர் ஜமீன்தார்கள் படித்த விடுதியின் முதல்வர் டி லா ஹே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் சிங்கம்பட்டி வாரிசும் சிக்கினார். வழக்குச் செலவு கடனாக ஏறி, கடனுக்காக மலை குத்தகைக்குப் போனது என்பது இந்த வட்டாரம் முழுக்கச் சொல்லும் கதை. கதை எப்படியோ, பத்திரம் இருக்கிறது. 1929-ல் 8,300 ஏக்கருக்கு மேற்பட்ட காடு 99 ஆண்டுக் குத்தகையாக பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குப் போனது. கெடு 2028.

காட்டை அழித்துத் தேயிலை வைக்க ஆள் வேண்டும். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சேரிகளிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆட்கள் ஏறினார்கள். பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் ஏன் ஏறினார்கள் என்று கேட்டால் பஞ்சம், அட்டை, குளிர் என்று கதை வளரும். அடிக்காரணம் ஒன்றுதான்: கீழே அவர்களுக்கு நிலம் இல்லை. செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கையை அடுத்து, 1892-ல் பஞ்சமி நிலத்துக்கான அரசாணை பிறந்தது. தமிழகத்தில் பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று மேடைக்கு மேடை நாம் சொல்கிறோம். அதில் எவ்வளவு நம் கையில் நின்றது என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கீழே கால் ஊன்ற இடமிருந்தவன் அந்த மழைக்கும் குளிருக்கும் குடும்பத்தோடு போயிருக்க மாட்டான்.

மேலே என்ன கிடைத்தது? லைன் வீடு. வேலை இருக்கும்வரை வீடு. பெயர் கம்பெனிப் பதிவேட்டில் இருக்கும்வரை அடுப்பு எரியலாம். ஓய்வு பெற்றால் காலி செய்யவேண்டும். அதனால் தாய் விட்ட வேலையை மகளோ மருமகளோ எடுத்தால்தான் கூரை நிற்கும். மற்றவர்கள் பிள்ளைகளுக்கு வயலை எழுதிவைத்தார்கள். இவர்கள் கொழுந்து பறிக்கும் வேலையை எழுதிவைத்தார்கள். படிக்க நினைத்த பிள்ளை, தன் படிப்புக்கு விலையாகப் பெற்றோரின் முதுமை வீட்டை வைக்கவேண்டியிருந்தது. இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். சொத்து இல்லாததே அடுத்த தலைமுறையைக் கட்டிப்போடும் கயிறாக எப்படி வேலை செய்தது என்று இன்னும் விரிவாக எழுதப்படவேண்டும்.

இத்தனைக்கும் அது ஊராகவே இருந்தது. கோயில், தேவாலயம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், ரேஷன் கடை, வாக்குச்சாவடி, கல்லறை. வாக்காளர் அட்டையும் குடும்ப அட்டையும் கொடுத்த அரசு, பட்டா மட்டும் கொடுக்கவில்லை.

கொடுத்திருக்கக்கூடிய தருணங்கள் வந்தன. 1948-ன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 1952-ல் சிங்கம்பட்டி மலை அரசுக்கு வந்தது. ஜமீன் போனது, குத்தகை தொடர்ந்தது. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கட்டித்தரும் பொறுப்பை முதலாளிக்குக் கொடுத்தது. அந்த வீட்டில் தொழிலாளிக்கு உரிமை கொடுக்கவில்லை. 1961-ன் நில உச்சவரம்புச் சட்டம் தோட்டப்பயிர் நிலங்களுக்கு விலக்கு அளித்தது. நிலச் சீர்திருத்தம் என்று நாம் கொண்டாடும் சட்டங்கள் மணிமுத்தாறு மலைச்சாலையில் ஏறவே இல்லை.

ஏறாத நீதியைத் தேடி அவர்கள் இறங்கி வந்தார்கள். கூலி உயர்வு கேட்டுப் போராடியவர்கள் நூற்றுக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். அவர்களை விடுதலை செய்யக் கோரி 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலத்தில் போலீஸ் தடியடி நடத்தியது. ஓடியவர்களுக்கு ஆறுதான் வழியாக இருந்தது. 17 பேர் இறந்தார்கள், அதில் ஒன்றரை வயதுக் குழந்தையும் உண்டு. ஆண்டுதோறும் தாமிரபரணியில் மலர் தூவுகிறோம். அந்தக் கூலிப் போராட்டத்துக்கு அடியில் வீட்டுக் கேள்வியும் இருந்தது என்பதைப் பேச மறக்கிறோம்.

அது 2024-ல் வெளியே வந்தது. கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்தது. மலை இப்போது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வேலை போனால் வீடு போகும் என்ற பழைய விதி ஒரே சமயத்தில் ஊர் முழுவதன் மேலும் விழுந்தது. டான்டீ எடுத்து நடத்தட்டும் என்று மக்கள் கேட்டார்கள். காடு காடாக மாறட்டும் என்று சூழலியலாளர்கள் சொன்னார்கள். காட்டை நாமும் கேட்கிறோம்; தாமிரபரணியின் தண்ணீரைத்தான் நாமும் குடிக்கிறோம். ஆனால் 1929-ல் அந்தக் காட்டை வெட்டும் முடிவை எடுத்தது யார், கோடரி பிடித்தது யார் என்ற கணக்கைப் பார்க்காமல், வெளியேறும் விலையைக் கோடரி பிடித்தவன் பேரன் தலையில் மட்டும் வைப்பது எந்தச் சூழலியல்?

2006-ன் வன உரிமைச் சட்டம் ஒரு கணக்கு சொல்கிறது. பழங்குடியல்லாதவர் உரிமை கோரவேண்டுமென்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அங்கே வாழ்ந்து காட்டை வாழ்வாதாரமாகக் கொண்டிருக்கவேண்டும். பின்னோக்கி எண்ணினால் 1930 டிசம்பர். முதல் கூட்டத்தோடு ஏறிய குடும்பம் மயிரிழையில் தேறும். இரண்டாண்டு கழித்து ஏறியது தேறாது. தேறியவரிடமும் எஸ்டேட் கூலி காட்டு வாழ்வாதாரமா என்ற அடுத்த கேள்வி காத்திருக்கிறது.

இந்தோனேசியாவுக்கு மறுபடி ஒருமுறை போய்வருவோம். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் மேட்டுநிலக் கிராமங்களில் முன்னோர் நிலம் தாய்வழிக் குடும்பத்தின் பொதுச்சொத்து. தனியாள் விற்க முடியாது. 1870-ல் டச்சு அரசு ஜாவாவில், உடைமையை நிரூபிக்காத நிலமெல்லாம் அரசு நிலம் என்று அறிவித்து, தேயிலை முதலாளிகளுக்கு 75 ஆண்டுக் குத்தகைக்குத் திறந்துவிட்டது. இந்த ஏற்பாடு பிறகு சுமத்ராவுக்கும் பரவியது. வழிவழியாக ஆண்ட காடு அரசுக் காடு அல்ல என்று இந்தோனேசிய அரசியல்சாசன நீதிமன்றம் 2013-ல் தீர்ப்புச் சொல்ல, அந்த மக்கள் அமைப்புகள் பல ஆண்டு போராடவேண்டியிருந்தது. அவர்களிடம் வழிமுறையும் எல்லையும் நினைவில் இருந்தன. மாஞ்சோலை மக்களிடம் அப்படி ஒரு பூர்வீகம் இல்லை. அவர்கள் கோருவது நான்கு தலைமுறை உழைப்பின் பேரில் ஓர் உரிமை. அதற்குச் சட்டத்தில் இன்னும் பெயர் வைக்கவில்லை.

மாணவ நண்பர்களிடம் ஒன்று கேட்கிறோம். மலையிலிருந்து இறங்கிய குடும்பங்கள் அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், தென்காசிப் பக்கங்களில் வாடகை வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் பழைய சம்பளச் சீட்டு இருக்கும், வருங்கால வைப்புநிதிக் காகிதம் இருக்கும், எஸ்டேட் பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் இருக்கும், ஞானஸ்நானப் பதிவு இருக்கும். 1952 முதலான வாக்காளர் பட்டியல்களையும் தேடுங்கள். எந்தக் குடும்பம் எந்த ஆண்டில் ஏறியது, எந்த லைனில் இருந்தது, யார் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று எழுதி வாங்குங்கள். குத்தகைக் கெடு முடிய அதிக நாளில்லை. லைன் வீடுகளின் ஓடு சரிவதற்குள் போய்வாருங்கள்.