இரைகட்டிச் சிறுத்தை வேட்டை: ஒரு முறையின் தோற்றம் குறித்து

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்கச் சஃபாரிகளில் சிறுத்தையைச் சுட மூன்று வழிகள் புழங்கின: ஆள்விட்டுப் புதர் கலைப்பது, நாய்களைக் கொண்டு மரமேற்றுவது, மரக்கிளையில் இரை கட்டிக் காத்திருப்பது. மூன்றாவது வழி மேலோங்கியது எப்படி என்பதே இங்கு வினா.

வரலாற்றாசிரியர் ஜான் மெக்கன்ஸியின் ‘தி எம்பயர் ஆஃப் நேச்சர்’ (1988) ஏகாதிபத்திய வேட்டையை நெறிகள் கொண்ட மேட்டுக்குடிச் சடங்காகக் காண்கிறது. ஆப்பிரிக்கரின் கண்ணியும் குழியும் நஞ்சும் கொடுமையெனப் பழிக்கப்பட்டன. அந்தப் பழியே அவர்களது வேட்டை உரிமையைப் பறிக்கத் துணை நின்றது என்கிறார் அவர். யானைக்கும் மானுக்கும் இதை மறுக்க இயலாது. ஆனால் இந்தச் சட்டகத்தைச் சிறுத்தைக்கும் நீட்டினால், இரைகட்டும் முறையை ‘கண்ணிய வேட்டை’யின் கனிவாகக் கொள்ள வேண்டிவரும். இதை என்னால் ஏற்க முடியவில்லை. சிறுத்தை விஷயத்தில் வெள்ளையர்களே கண்ணியும் நஞ்சும் வைத்தார்கள். கேப் காலனியில் 1880-களிலிருந்து பண்ணையாளர்கள் நஞ்சு வைப்பதற்கென்றே சங்கங்கள் நடத்தினர். இந்தியாவில் ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தைமீது பொறியும் சயனைடும் பயன்பட்டன. 1926 மே மாதம் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் அதை வீழ்த்தியதுகூட இரவில், கட்டிவைத்த ஆட்டின் அருகே, டார்ச் வெளிச்சத்தில்தான்.

சிறுத்தை வேட்டை நெறிக்கு வெளியே வைக்கப்பட்டது என்பதற்கு முதன்மைச் சான்றாக நான் கொள்வது, 1900 மே 19-இல் லண்டனில் கையெழுத்தான ஆப்பிரிக்க வனவிலங்கு உடன்படிக்கை. அதன் ஐந்தாம் அட்டவணை எண்ணிக்கையைக் குறைக்க வேண்டிய உயிர்களைப் பட்டியலிடுகிறது. முதலிடம் சிங்கத்துக்கு, இரண்டாமிடம் சிறுத்தைக்கு. கழுதைப்புலி, பபூன் குரங்கு, முதலை, நச்சுப்பாம்பு எல்லாம் அதே வரிசையில். இதே உடன்படிக்கைதான் வலையையும் படுகுழியையும் தடுக்க முனைகிறது. ஆக, ஒரே தாளில் நெறியும் இருக்கிறது, நெறிக்கு வெளியே தள்ளப்பட்ட விலங்கும் இருக்கிறது. போதிய நாடுகள் ஏற்புறுதி தராததால் உடன்படிக்கை நடைமுறைக்கு வரவில்லை. எனினும் ஆட்சியாளரின் மனப்போக்குக்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் தேவையில்லை.

1909-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் முன்னாள் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் குழுவினர் சிறுத்தையைப் புதர் கலைத்தே எழுப்பினர். கலைப்பவர் ஒருவரை அது குதறியது. அபாயத்தைச் சுமந்தவர் துப்பாக்கி ஏந்தியவர் அல்லர். இனி இரைகட்டும் முறைக்கு வருவோம். இங்கு சான்று மெலிகிறது, ஆயினும் அழுத்தியே சொல்கிறேன்: அது பொறிவைப்பின் வழித்தோன்றல். இம்பாலாவையோ காட்டுப்பன்றியையோ சுட்டு, வாசனை படியத் தரையில் இழுத்துச் சென்று, கழுதைப்புலிக்கு எட்டாத கிளையில் கம்பியால் இறுக்குவார்கள். சிறுத்தை கிளைமேல் நின்றுதான் தின்றாக வேண்டும். மாலை வானில் அதன் உருவம் தெளியும் திசை பார்த்துப் புல் மறைப்பு அமைப்பார்கள். விலங்கைக் குறித்த இடத்தில் குறித்த நிலையில் நிறுத்துவது பொறிக்காரனின் கணக்கு. இரும்புப் பற்கள் இருந்த இடத்தில் துப்பாக்கி வந்து உட்கார்ந்தது, அவ்வளவே. நாய்முறைக்கு இந்த வரலாறு பொருந்தாது. மரமேறிய சிறுத்தையை ஆணா பெண்ணா என்று பார்த்துச் சுட அது இடம் தருகிறது. அதன் வேர்களைத் தனியே ஆராய வேண்டும்.

பொறியிலிருந்து இரைகட்டலுக்கான இந்த மாற்றம் எப்போது நிகழ்ந்தது? 1933 லண்டன் உடன்படிக்கை கண்கூச வைக்கும் விளக்கையும் நஞ்சையும் பொறியையும் தானியங்கித் துப்பாக்கிப் பொறியையும் வேட்டையிலிருந்து விலக்கச் சொன்னது. செத்த இரையைக் கட்டுவதைத் தொடவில்லை. மற்ற வழிகள் அடைபட்டபோது திறந்திருந்த வழி இதுவே என்பதால், 1933-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது வேரூன்றியிருக்கலாம். பண்ணைகளில் அதற்கு முன்பே இது இருந்திருக்கவும் கூடும். ஆகவே 1933-ஐ இம்முறை பரவிய காலத்தின் குறியீடாக மட்டுமே கொள்கிறேன், தொடக்க ஆண்டாக அன்று.