ஒதுக்கி வைத்த முகவரிகள் பிறந்த கதை

1990களின் தொடக்கத்தில் லண்டனின் கோலியர்ஸ் வுட்டில் எதிரெதிர் வீட்டுக்காரர் இருவர், இரு வேறு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு வாங்கியிருந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அனுப்பும் மின்னஞ்சல் மற்றவரைச் சேர, அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கா போய், அங்கே கைமாறி, மறுபடியும் கடல் கடந்து லண்டன் வரவேண்டிய நிலை அன்று சாதாரணமாக இருந்தது. இங்கே இருந்த நிறுவனங்கள் ஒன்றோடொன்று நேராகக் கோக்கப்படவில்லை என்பதுதான் காரணம். கடலடிக் கம்பிக்குப் போகவும் காசு, வரவும் காசு.

இந்த வீண்செலவுக்கு முடிவு கட்டியது லிங்ஸ் என்ற லண்டன் இணையப் பரிமாற்ற நிலையம். கோலியர்ஸ் வுட்டில் நார்தர்ன் லைன் பிடித்து பேங்க் போய், அங்கிருந்து டிஎல்ஆர் ரயிலில் ஈஸ்ட் இந்தியா நிலையத்தில் இறங்கினால் அது பிறந்த கட்டடத்தைப் பார்க்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் வந்து நின்ற துறை அது. இன்றும் அங்குள்ள தெருக்களுக்குக் கொரியாண்டர் அவென்யூ, க்ளோவ் கிரசண்ட், நட்மெக் லேன் என்றுதான் பெயர். கொரியாண்டர் அவென்யூவில் நிற்கும் டெலிஹவுஸ் என்ற தரவு மையத்தில், 1994 நவம்பரில், பைப்பெக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் பொறியாளர் கீத் மிட்செல் முன்கை எடுக்க, ஐந்து நிறுவனங்கள் தங்கள் கம்பிகளை ஒரே ஸ்விட்சில் கொண்டுவந்து செருகின. எட்டே துளைகள் கொண்ட சிஸ்கோ பெட்டி அது. ஒரு துளைக்கு நொடிக்கு 10 மெகாபிட். இன்று ஒரு வீட்டு இணைப்புகூட அதைவிட வேகமாக ஓடும்.

எளிதாகக் கண்ணில் படாத ஒரு சிக்கல் அந்தப் பெட்டியில் இருந்தது. பொது ஸ்விட்சில் செருகும் ஒவ்வொரு நிறுவனத்தின் ரவுட்டருக்கும் ஒரு ஐபி முகவரி வேண்டும். எல்லா முகவரியும் ஒரே தொகுதியில் அடுத்தடுத்து இருக்கவேண்டும். அந்தத் தொகுதி யாருடையது? உறுப்பினர் ஒருவர் தன் கையிருப்பிலிருந்து கொடுத்தால், நாளை அவர் வெளியேறும்போதோ விற்கப்படும்போதோ மற்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எண் மாற்றியாக வேண்டும். ஐந்து பேர் என்றால் சமாளிக்கலாம். ஐந்நூறு பேர் என்றால் ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒவ்வொரு இணைப்பையும் திருத்தி எழுதவேண்டும். நடுவில் ஒருவர் தவறினாலும் போக்குவரத்து நிற்கும். ஆகவே நிலையத்துக்கென்றே, எந்த வியாபாரியின் பிடியிலும் இல்லாத முகவரித் தொகுதி தேவைப்பட்டது. லிங்ஸுக்கு அது ஐரோப்பாவின் முகவரிப் பதிவகமான ரைப் என்சிசியிடமிருந்து வந்தது.

இரண்டாவது தேவையும் அங்கேயே முளைத்தது. இணையத்தில் எந்தப் பெயரைத் தேடினாலும் தேடல் தொடங்கும் இடம் ரூட் சர்வர்கள். அவற்றை ஏ முதல் எம் வரை பதின்மூன்று எழுத்துகளால் குறிக்கிறார்கள். அவற்றில் கே எழுத்துக்குரிய சர்வரை 1997 மே மாதம் முதல் ரைப் என்சிசி நடத்துகிறது. அது முதலில் ஓடியது லண்டனில், லிங்ஸில்தான். அதன் முகவரி 193.0.14.129. உலகெங்கும் பெயர் தேடித்தரும் சர்வர்களின் மென்பொருளுக்குள் இந்த எண்ணை முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். கடை மாறினால் பலகை மாட்டலாம். ரூட் சர்வரின் எண் மாறினால் யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னாலும் பழைய எண்ணுக்கே கேள்வி அனுப்பிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள் ஆண்டுக்கணக்கில் இருக்கும்.

எல் எழுத்து சர்வரின் கதை அதற்குச் சாட்சி. அதன் பழைய முகவரி, அமெரிக்காவில் ஆரம்பகாலப் பரிமாற்ற நிலையங்களுக்குப் பங்கிட்ட 198.32 தொகுதியில் இருந்தது. தொகுதி வேறொருவர் பராமரிப்பில். சர்வரை நடத்தியது இணையப் பெயர்களையும் எண்களையும் நிர்வகிக்கும் அமைப்பான ஐகான். 2007 நவம்பரில் ஐகான் சொந்த முகவரிக்கு மாறியது. அதன்பின் பழைய முகவரியில் ஐகானுக்குச் சம்பந்தமில்லாத சர்வர்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தது 2008 மே மாதம் அம்பலமானது. அந்த இடத்திலிருந்து தவறான பதில் சொல்ல நினைத்திருந்தால் எத்தனை பேரைத் திசைதிருப்பியிருக்கலாம் என்று எண்ணினால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

இப்படிப்பட்ட இடங்களுக்கெனத் தனி விதி எழுத முதலில் தூண்டியது இன்னொரு நெருக்கடி. 1990களின் நடுவில் முகவரித் தொகுதிகளின் பட்டியல் பெருகி, ரவுட்டர்களின் நினைவகம் திணறியது. ஸ்பிரிண்ட் போன்ற பெருநிறுவனங்கள் மிகச் சிறிய தொகுதிகளின் அறிவிப்புகளை ஏற்காமல் வடிகட்டித் தள்ளின. பின்னர் வந்த வட அமெரிக்கப் பதிவகமான ஆரினும் பெரிய தொகுதியாகத்தான் தந்தது. சிறிதாகக் கேட்டால் இல்லை. பெரிய நிறுவனங்களுக்கு இது பொருந்தியது. ஒரே ஒரு முகவரியில் உலகத்துக்கே பதில் சொல்லும் ரூட் சர்வருக்கு? முப்பது நாற்பது ரவுட்டர் மட்டும் கூடும் நிலையத்துக்கு? ஆயிரக்கணக்கில் வாங்கி வீணாக்கவும் கூடாது, சிறிதாக வாங்கி வடிகட்டியில் மாட்டவும் கூடாது. 2000களின் தொடக்கத்தில் ஆரின் இதற்கென நுண் ஒதுக்கீட்டு விதி கொண்டுவந்தது. பொதுப் பரிமாற்ற நிலையங்கள், ரூட் சர்வர்கள், நாடுகளுக்குரிய இணையப் பெயர்களை நடத்தும் சர்வர்கள், முகவரிப் பதிவகங்கள் ஆகியவற்றுக்குக் குறைந்தது 256 முகவரிகள் என்ற அளவில் தரலாம். அவை இதற்கென்றே குறித்த தொகுதிகளிலிருந்து வரும். வடிகட்டி போடுகிறவர்கள் பார்த்து வழிவிடலாம்.

அடுத்து வந்தது பஞ்சம். நான்காம் பதிப்பு ஐபியில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பின் கடைசி ஐந்து பெருந்தொகுதிகளையும் ஐந்து பதிவகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இனி பிறக்கப்போகும் பரிமாற்ற நிலையங்களுக்கு என்ன வழி என்ற கேள்வி அப்போதுதான் கூர்மையானது. மனைப்பிரிவு போடுகிறவர் சாலைக்கும் குளத்துக்கும் இடம் விட்ட பிறகுதான் மனை விற்க வேண்டும். விற்று முடித்தபின் சாலைக்கு இடம் தேடினால் கிடைக்காது. ஐரோப்பாவில் அதே 2011இல் முன்வைத்த யோசனையின்படி 65,536 முகவரிகள் வருங்காலப் பரிமாற்ற நிலையங்களுக்கெனத் தனியே எடுத்துவைக்கப்பட்டன. அந்தக் கண்டத்தின் புதிய நிலையங்களில் 185.1 என்று தொடங்கும் எண்களை நிறையக் காணலாம். அந்த ஒதுக்கீட்டில் வந்தவை அவை. ஆரினும் அதே அளவு எடுத்துவைத்துப் பின்னர் இரட்டிப்பாக்கியது.

எடுத்துவைத்ததைவிட, அதற்குப் போட்ட வேலிதான் என்னை அதிகம் கவர்கிறது. நிலையத்தில் குறைந்தது மூன்று நிறுவனங்கள் இணைந்திருக்க வேண்டும். வேறு யாரும் வந்து சேரத் தெளிவான, திறந்த விதி இருக்கவேண்டும். முகவரிகளை அந்தப் பொது ஸ்விட்சில் மட்டுமே பயன்படுத்தலாம். வேறு எதற்கும் கூடாது. திரும்பி வந்தால் அதே கையிருப்பில் சேரும். வங்கிக்குத் தன் வலையமைப்பு உயிர்நாடி, மருத்துவமனைக்குத் தன்னுடையது. அவரவர்க்கு அவரவருடையது இன்றியமையாததுதான். எல்லாரையும் உள்ளே விட்டிருந்தால் இந்தச் சிறு கையிருப்பு சில மாதங்கூடத் தாங்கியிருக்காது. எது நின்றால் மற்ற எல்லாமும் தடுமாறுமோ அதற்கு மட்டும் என்று குறுக்கிக்கொண்டதால் பிழைத்தது. அந்தக் கண்டிப்பு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறாம் பதிப்பு முகவரிகள் ஏராளம் இருக்கின்றன என்பார்கள்; ஆனால் பழைய பதிப்பில் மட்டும் பேசும் இயந்திரங்கள் இன்னும் இருப்பதால், புதிய நிலையத்துக்குப் பழைய முகவரியும் வேண்டியிருக்கிறது.

நம்மூருக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவின் தேசிய இணையப் பரிமாற்ற நிலையமான நிக்சி 2003இல் தொடங்கியது. முதலில் அமைந்த மையங்களில் சென்னையும் ஒன்று. 2005 ஆகஸ்டில் எஃப் எழுத்து ரூட் சர்வரின் பிரதி சென்னைக்கு வந்தது. லண்டனில் பிறந்த கே சர்வரின் பிரதி டெல்லிக்குப் போனது. மதுரைக்கோ கோவைக்கோ போகும் தரவு இன்னொரு கண்டம் போய்த் திரும்பாமல் இருக்க இப்படிப்பட்ட இடங்கள்தான் காரணம்.

2019இல் ஐரோப்பா பரிமாற்ற நிலையங்களுக்கான தன் ஒதுக்கீட்டை 1,31,072 ஆக உயர்த்த முடிவெடுத்தது. அதே ஆண்டு நவம்பர் 25 அன்று ரைப் என்சிசியின் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. இந்த விதிகளை எந்த நாடாளுமன்றமும் இயற்றவில்லை. ரைப் கூட்டங்களில் வாக்கெடுப்பு கிடையாது; பேசிப் பேசி இணக்கம் கண்டுதான் விதி எழுதுகிறார்கள். பேச உறுப்பினராக இருக்கவேண்டும் என்றும் இல்லை. ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக்கிலும் யோசனை வைக்க யாருக்கும் உரிமை உண்டு. கோலியர்ஸ் வுட், டூட்டிங், மிச்சம் பக்கத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரைப் கூட்டத்துக்கு ஒரு முறையாவது போய், உட்கார்ந்து கேட்டு, பேசிவிட்டு வாருங்கள்.