ஏழு மாதத் தடையும் பதினேழு வயதும்

1995ஐப் பற்றி நம் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள். கொழும்பில் இந்தியாவை வென்று தெற்காசிய உதைபந்தாட்டக் கிண்ணத்தை இலங்கை தூக்கிய ஆண்டு. அது சிரேஷ்ட அணி.

நம் பிள்ளைகளின் அணி? தெற்காசியச் சிறுவர் கிண்ணம் 2011இல் நேபாளத்தில் தொடங்கியது. 16 வயதுக்குட்பட்டோர், 17 வயதுக்குட்பட்டோர் என்று வயதெல்லை மாறினாலும் பாகிஸ்தான், பங்களாதேஷ், இந்தியா தவிர வேறு யாரும் அதை வென்றதில்லை. 2022 செப்டம்பரில் கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாமே நடத்தினோம். இறுதியாட்டத்தில் இந்தியா நேபாளத்தை 4-0 என வென்றது.

நான்கு மாதம்தான் போனது. 2023 ஜனவரி 21இல் பீபா நம் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. ஆகஸ்ட் கடைசி வரை எந்த வயது அணிக்கும் சர்வதேச ஆட்டம் இல்லை. பெங்களூர் சாப் போட்டியில் சிரேஷ்ட அணி இல்லையே என்று எல்லோரும் கவலைப்பட்டோம். ஆனால் 24 வயது வீரருக்கு அது தள்ளிப்போன வாய்ப்பு. 16 வயதுப் பொடியனுக்கு அடுத்த வருடம் அந்த அணியே கிடையாது.

காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் அஸர் தொழுதுவிட்டு மைதானத்துக்கு ஓடுகிற பிள்ளைகளுக்கு அதே வயதில்தான் சாதாரண தரப் பரீட்சை, டியூசன். கொழும்போ 300 கிலோமீட்டருக்கு அப்பால். (பஸ் காசை யார் கொடுப்பது?)

2025 செப்டம்பரில் போட்டி மறுபடி ரேஸ்கோர்ஸுக்கு வந்தது. பங்களாதேஷைப் பெனால்டியில் வென்று இந்தியாவே கிண்ணத்தைக் கொண்டுபோனது. 2022இல் 16 வயதாயிருந்த நம் பிள்ளைகளுக்கு அப்போது 19.