குருதிக்குழல்

குருதிக்குழல் அல்லது இரத்தக்குழாய் என்பது இதயத்திலிருந்து வெளியேறும் குருதியை உடலின் இழையங்களுக்கு எடுத்துச் சென்று, மீண்டும் இதயத்திடம் கொண்டுவந்து சேர்க்கும் குழாய் வடிவ உறுப்பு ஆகும். மனிதரில் தமனிகள், நுண்தமனிகள், நுண்குழல்கள், நுண்சிரைகள், சிரைகள் ஆகியன ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து மூடிய சுற்று ஒன்றை அமைக்கின்றன. ஒவ்வொரு வகைக் குழலின் சுவரும் அது தாங்க வேண்டிய அழுத்தத்துக்கும் ஆற்ற வேண்டிய பணிக்கும் ஏற்ப வேறுபட்டுள்ளது.

சொல்வழக்கு

தமிழகப் பாடநூல்களில் தமனி, சிரை என வழங்கப்படுபவை இலங்கைப் பாடநூல்களில் முறையே நாடி, நாளம் எனப்படுகின்றன. நுண்குழல் தமிழகத்தில் தந்துகி என்றும், இலங்கையில் மயிர்த்துளைக்குழாய் என்றும் அழைக்கப்படுவதுண்டு. தமிழகத்தில் 'இரத்த நாளம்' என்பது எந்தக் குருதிக்குழலையும் குறிக்கும். இலங்கையில் நாளம் என்றால் சிரை மட்டுமே. 'நாளமில்லாச் சுரப்பி' என்னும் தொடரிலோ நாளம் என்பது சுரப்பு நீர் வெளியேறும் குழாயாகும். 'நாடி' என்பது தமிழகப் பேச்சில் குழலை அன்றி அதன் துடிப்பைக் குறிக்கிறது. எனவே இரு நாட்டு நூல்களையும் ஒருங்கே படிப்போர், நூல் எந்த வழக்கைப் பின்பற்றுகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது நன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1872 இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் உடற்கூற்று நூலை வெளியிட்டார். தமிழ் மருத்துவக் கலைச்சொற்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உடையவை.

இக்கட்டுரையில் தமனி, சிரை, நுண்குழல் ஆகிய சொற்களே பயன்படுத்தப்பட்டுள்ளன.

சுற்றோட்டம் அறியப்பட்ட வரலாறு

கி.பி. 2 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கேலன் என்னும் கிரேக்க மருத்துவர், உணவிலிருந்து கல்லீரலில் குருதி உண்டாகிறது என்றும், அது உறுப்புகளுக்குப் பாய்ந்து அங்கேயே செலவழிந்துவிடுகிறது என்றும் கருதினார். இது பாசனத்தை ஒத்த கருத்து எனலாம். திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் ஜீயபுரத்தை அடுத்த முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. அவ்விடத்துக்குக் கீழே காவிரி நீர் ஆறு, வாய்க்கால், கண்ணி என மேலும் மேலும் பிரிந்து வயலை அடைகிறது. வயலில் பாய்ந்த நீர் பயிராலும் வெயிலாலும் செலவாகும். எஞ்சியது வடிந்து கடலைச் சேரும். அது முக்கொம்புக்குத் திரும்புவதில்லை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாக மருத்துவ உலகம் குருதியையும் இவ்வாறே எண்ணியிருந்தது.

ஆங்கிலேய மருத்துவரான வில்லியம் ஹார்வி 1628 இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தை மறுத்தார். அவரது சான்றுகளுள் முதன்மையானது ஓர் எளிய கணக்கு ஆகும். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேற்றும் குருதியைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் பெருக்கினால், அரை மணி நேரத்தில் வெளியேறும் குருதி உடலில் உள்ள மொத்தக் குருதியையும் விஞ்சிவிடுகிறது. உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு குருதி புதிதாக உண்டாக இயலாது; ஆகவே அதே குருதியே திரும்பி வரவேண்டும். இன்றைய அளவீடுகளின்படி, ஓய்விலிருக்கும் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. உடலிலுள்ள மொத்தக் குருதியும் ஏறத்தாழ அவ்வளவே.

தமனியிலிருந்து குருதி சிரைக்கு எவ்வழியாகச் செல்கிறது என்பதை ஹார்வியால் காட்ட இயலவில்லை. இத்தாலியரான மார்ச்செல்லோ மால்பிகி 1661 இல் தவளையின் நுரையீரலில் நுண்நோக்கி வழியாக நுண்குழல்களைக் கண்டு அக்குறையை நிறைவு செய்தார்.

சுவரின் அமைப்பு

தமனி, சிரை இரண்டின் சுவரும் மூன்று படைகளால் ஆனது. உட்படையில் குருதியைத் தொட்டவாறு ஒற்றை அடுக்காக அகவணிக்கலங்கள் உள்ளன. நடுப்படை மழமழப்பான தசையாலும் மீள்நார்களாலும் ஆனது. வெளிப்படையில் இணைப்பிழையம் காணப்படும். பெரிய குழல்களின் தடித்த சுவருக்கு, உள்ளே ஓடும் குருதி மட்டும் போதாது. அச்சுவருக்கே ஊட்டமளிக்கும் சிறு குழல்கள் வெளிப்படையில் தனியே உள்ளன.

அகவணி வெறும் உறை அன்று. அது வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு நடுப்படைத் தசையைத் தளர்த்திக் குழலை விரியச் செய்கிறது. இதனைக் கண்டறிந்தமைக்காக பர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கு 1998 இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வகைகளும் பணிகளும்

இதயத்தின் இடக் கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனி ஏறத்தாழ 2.5 செ.மீ. விட்டமுடையது. இதயம் சுருங்கும்போது மீள்நார் மிகுந்த அதன் சுவர் விரிகிறது; இதயம் தளரும்போது சுவர் பழைய நிலைக்கு மீண்டு குருதியை முன்தள்ளுகிறது. இதயம் விட்டுவிட்டுத் துடித்தாலும் குருதி ஓட்டம் நின்றுவிடாமைக்கு இதுவே காரணம். இவ்விரிவு அலையாகப் பரவி மணிக்கட்டில் துடிப்பாக உணரப்படுகிறது. சித்த மருத்துவர் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் என நாடி பார்ப்பது இத்தமனியின் மீதே.

நுண்தமனிகள் குருதி ஓட்டத்தின் மடைகள் எனலாம். மற்றவை மாறாதிருக்க, குழலின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். ஆதலால் சிறு சுருக்கமும் பெரும் விளைவைத் தரும். உண்டபின் குடலுக்கும், ஓடும்போது கால் தசைக்கும் குருதி கூடுதலாகத் திருப்பிவிடப்படுவது இவ்வாறே.

நுண்குழலின் சுவர் ஒற்றைக் கல அடுக்காலும் அதன் மெல்லிய அடித்தள மென்படலத்தாலும் மட்டுமே ஆனது. விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர்; சிவப்பணுக்கள் பல இடங்களில் வரிசையாக, வளைந்து நெளிந்தே செல்கின்றன. தனித்தனியே மிகக் குறுகியவையாயினும், இவற்றின் மொத்தக் குறுக்குப் பரப்பு பெருந்தமனியினதைப் போலப் பல நூறு மடங்காகும். எனவே பெருந்தமனியில் விநாடிக்குப் பத்துக்கணக்கான சென்டிமீட்டர் விரையும் குருதி, இங்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நகர்கிறது. ஆக்சிசன், குளுக்கோசு, கழிவுகள் ஆகியவற்றின் பரிமாற்றத்துக்கு இத்தாமதம் இன்றியமையாதது. மூளையின் நுண்குழல்கள் நெருக்கமாக அடைபட்டவை. சிறுநீரகத்தில் உள்ளவை துளைகள் கொண்டவை. கண்ணின் விழிவெண்படலத்திலும் குருத்தெலும்பிலும் நுண்குழல்களே இல்லை.

சிரைகளின் சுவர் மெல்லியது, உட்குழி அகன்றது. ஓய்வில் உடற்குருதியின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிரைகளிலும் நுண்சிரைகளிலுமே தங்கியிருக்கும். கால் சிரைகளில் உள்ள வால்வுகள் குருதி கீழிறங்காமல் தடுக்க, கெண்டைக்கால் தசை சுருங்கி அதை மேலேற்றுகிறது.

தமனியில் எப்போதும் ஆக்சிசன் மிகுந்த குருதியே ஓடும் என்பது பரவலான பிழை. நுரையீரல் தமனி ஆக்சிசன் குறைந்த குருதியையே கொண்டு செல்கிறது. இதயத்திலிருந்து விலகிச் செல்வது தமனி, இதயத்தை நோக்கி வருவது சிரை என்பதே சரியான வரையறை.

மொத்த நீளம்

மனிதக் குருதிக்குழல்களின் மொத்த நீளம் 1,00,000 கி.மீ. எனப் பல நூல்கள் கூறுகின்றன. டென்மார்க்கைச் சேர்ந்த ஆகஸ்ட் குரோக், 50 கிலோ தசை உடைய ஒருவரைக் கற்பனை செய்து கணித்த அளவு இது. அண்மைக்காலக் கணிப்புகள் 9,000 முதல் 19,000 கி.மீ. வரை எனக் குறைத்துள்ளன. ஆயினும் பழைய எண்ணே வினாடி வினாக்களில் வாழ்கிறது.

நோய்களும் சேதங்களும்

தமனியின் உட்படையில் கொழுப்பு படிந்து தடிக்கும் நோய், இதயத்தில் மாரடைப்புக்கும் மூளையில் பக்கவாதத்துக்கும் காரணமாகிறது. நீண்டகால நீரிழிவு விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் உள்ள நுண்குழல்களைச் சிதைக்கும். வால்வுகள் செயலிழந்தால் கால் சிரைகள் புடைத்துச் சுருளும். நாள் முழுதும் நின்று பணிபுரிவோரிடம் இது மிகுதி.

நெல்வயல்களில் காணப்படும் கண்ணாடி விரியனின் நஞ்சு, நுண்குழல்களின் அடித்தள மென்படலத்தைச் சிதைப்பதோடு குருதி உறையும் திறனையும் கெடுக்கிறது. இதனால் உள்ளேயும் வெளியேயும் குருதி கசிகிறது. கடிபட்ட கை, கால்களைக் கயிற்றால் இறுகக் கட்டும் பழக்கம் இன்னும் நீடிக்கிறது. இறுக்கமான கட்டு தமனியை அடைத்து, கட்டுக்குக் கீழுள்ள இழையம் அழுகவும் உறுப்பையே இழக்கவும் நேரிடலாம். உறுப்பை அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டு செல்வதே தக்க முதலுதவி ஆகும். இம்மருந்தைத் தயாரிக்கத் தேவையான நஞ்சை, மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இயங்கும், 1978 இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சேகரித்து வழங்கிவருகிறது.