கொள்ளிடத்தின் கடைமடைக் கணக்கு

காவிரியின் வெள்ளத்தைக் கொள்ளும் இடம் ஆதலின் கொள்ளிடம் எனப் பெயர் வந்தது என்பர். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது காவிரியையே கொள்ளத் தொடங்கியிருந்தது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. காவிரியின் தலைப்பு மணல் மேடிட்டது. தஞ்சைக்குச் செல்ல வேண்டிய நீர் வடக்கே சரிந்து கடலை நோக்கி ஓடிற்று. விளைச்சல் குன்றினால் நிலவரியும் குன்றும் என்பது கும்பினி அரசுக்கு நன்கு விளங்கிய கணக்கு. ஆர்தர் காட்டன் 1836-இல் முக்கொம்பில் மேலணை எழுப்பப் புகுந்ததன் பின்னணி இதுவே.

ஓர் ஆறு மீண்டது; மற்றோர் ஆறு மெலிந்தது. குறைந்த கொள்ளிடத்து நீரை மறித்துத் தென்னார்க்காட்டுக்குத் திருப்ப, அதே காலத்தில் அணைக்கரையில் கீழணை அமைந்தது. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரி நிறைகிறது. முதலாம் பராந்தக சோழனின் (907–955) வீரநாராயணன் என்னும் பெயரைத் தாங்கிய ஏரி அது. அதன் பாசனப் பரப்பு 44,856 ஏக்கர். கொள்ளளவு 1,465 மில்லியன் கன அடி. கரையோரத்து நம் லால்பேட்டையின் கொடிக்கால்களும் இவ்வட்டாரத்து நீர்வளத்தால் வாழ்ந்தவையே.

அணைக்கரைக்குக் கீழே என்ன ஆயிற்று என்பதை வரிக்கணக்கு எழுதியோர் கேட்கவில்லை. 1934-இல் மேட்டூர் அணை நிறைவுற்றது; பின்னர்க் கர்நாடக அணைகள் எழுந்தன. வெள்ளக்காலம் தவிர்ந்த நாள்களில் நன்னீர் குறையக் குறைய, உப்பு நீர் ஆற்றில் மேலேறிற்று. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகள் நலிந்தன. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் அங்கே வாய்க்கால்கள் வெட்டி ஓத நீரை உட்புகுத்திக் கன்றுகள் நட்டன. நற்பணிதான். எனினும் ஓத நீர் ஆற்று நீராகிவிடுமா? இறாலும் நண்டும் செழிக்க இரண்டும் கலந்த கழி வேண்டும்.

2004-இல் புதிய வீராணம் திட்டம் சென்னைக்கு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் வழங்கத் தொடங்கிற்று. ஆண்டு முழுதும் அவ்வளவும் எடுத்தால் ஏறத்தாழ 2.3 டி.எம்.சி.; ஏரியின் கொள்ளளவைப்போல் ஒன்றரை மடங்கு! குடிநீர் மறுக்கத்தக்கதன்று. ஆயினும் பட்டணத்துக் குழாய் நீருக்குக் கட்டணம் உண்டு. கழிமுகம் இழந்ததற்கு அந்த ஏட்டில் ஒரு பத்தியும் இல்லை.

காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டபோது, சுற்றுச்சூழலுக்கு 10-ம் தவிர்க்க இயலாமல் கடல் சேர்வதற்கு 4-ம் ஒதுக்கிற்று. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஆறு கடலை அடைவதற்கும் ஒரு பங்கு எழுதப்பட்டதே என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

இவ்விடத்தில் ஆரல் கடலை நோக்குதல் தகும். பருத்திக்காக சோவியத் அரசு சைஹூனையும் ஜைஹூனையும், அதாவது சிர் தரியாவையும் அமு தரியாவையும், வயல்களுக்குத் திருப்ப, கடல் வற்றிற்று. மீன்பிடி ஊர்கள் பாழாயின. கஜகஸ்தான் உலக வங்கிக் கடனுதவியுடன் 2005-இல் சுமார் 13 கிலோமீட்டர் நீளமுள்ள கரையொன்றைக் கட்டி முடிக்க, வடபகுதியில் நீர்மட்டம் உயர்ந்தது, மீனும் திரும்பிற்று. சைஹூன் அங்கு வந்து சேர்ந்துகொண்டிருந்தமையால் அந்தச் செலவு பலித்தது. ஜைஹூனை நம்பிய தென்பகுதிக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை.

கொள்ளிடத்தின் குறுக்கே ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே அண்மை ஆண்டுகளில் எழுந்த கதவணையையும் இவ்வாறே எடை போடவேண்டும். அது உப்பைத் தடுக்கும். மேற்புறத்துக் கிணறுகளைக் காக்கும். கீழ்ப்புறத்துக் கழிமுகத்துக்குக் கிடைப்பதோ, கதவு திறக்கப்படும் நாள்களின் நீர் மட்டுமே.