பழைய மெழுகுச் சிலைகளில் வெள்ளைப் பொடி... தூசியா? பூஞ்சையா?

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் உள்ள 'லா ஸ்பெக்கோலா' அருங்காட்சியகம் 1775-ல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. சடலத்தை அறுக்காமலேயே மனித உடலைப் படிக்க, தசை, நரம்பு, குடல் என அத்தனையையும் அங்கே மெழுகில் செய்துவைத்தார்கள். சூசினி என்ற கலைஞரின் கைவண்ணம் இதில் பிரபலம். புனித ரோமானியப் பேரரசர் இரண்டாம் ஜோசப், தன் ராணுவ மருத்துவர்களின் படிப்புக்காக இதே போல ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளுக்கு ஆர்டர் கொடுத்தார். கோவேறு கழுதைகள் மேல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி அவை வியன்னாவுக்குப் போய்ச் சேர்ந்தன. 'ஜோசஃபினம்' அருங்காட்சியகத்தில் இன்னமும் இருக்கின்றன.

இவ்வளவு பழைய மெழுகுப் பொருட்களைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு தலைவலி உண்டு. மேற்பரப்பில் சாம்பல் பூசியது போல ஒரு வெள்ளைப் படலம் வரும். 'ப்ளூம்' என்பார்கள். பார்த்தவுடன் பூஞ்சை என்றுதான் தோன்றும். ஆனால் பெரும்பாலும் அது மெழுகேதான்!

எப்படி?

தேன்மெழுகு ஒரே பொருள் இல்லை, நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்களின் கலவை. அதில் குறைந்த வெப்பத்திலேயே உருகக்கூடியவை மெல்ல மெல்ல மேலே நகர்ந்து வந்து, பொடிப் பொடியான படிகமாகப் படிந்துவிடும். பழைய சாக்லேட் மேல் வெள்ளையாகப் பூத்திருக்குமே, கிட்டத்தட்ட அதே கதை. மெழுகை இளக்க அந்தக் காலத்தில் கொழுப்பையும் சேர்ப்பதுண்டு. அந்தக் கொழுப்பு நாளடைவில் சிதைந்து அமிலமாகி, அதுவும் வெளியே கசியும்.

துடைச்சா போயிடாதா?

போகும். ஆனால் துடைத்து எடுப்பது அழுக்கை அல்ல, சிலையின் ஒரு பகுதியை. அதனால்தான் பொடியை எடுப்பதா, அப்படியே விடுவதா என்று ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக யோசிக்கிறார்கள். எடுத்தாலும் மென்மையான பிரஷ்தான். டர்பன்டைன் பக்கம் போகவே கூடாது, மெழுகையே கரைத்துவிடும்.

சூடு காட்டினாலும் படலம் மறையும். ஆனால் தேன்மெழுகு உருகுவது சுமார் 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் என்றாலும், அதற்கு வெகு முன்பே இளகிவிடும். தலைமுடி போன்ற நரம்புகள் உருக்குலைந்தால் என்ன செய்வது? இளகிய மெழுகில் தூசியும் பதிந்துவிடும். அதிகக் குளிரும் ஆகாது, விரிசல் விடும். எனவே, வெப்பநிலை ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கிய வைத்தியம்.

வீட்டில் இருக்கும் பழைய மெழுகுவர்த்தியில் இப்படி வெள்ளை படிந்திருந்தால், ஹேர் டிரையரில் லேசாகச் சூடு காட்டிப் பார்க்கலாம். மறைந்தால் ப்ளூம். பூஞ்சையாக இருந்தால் அப்படியே இருக்கும்.